அது செத்த கம்பி இல்லை

சனிக்கிழமை நிகழ்ச்சி வீடியோவுக்குக் கீழே வந்த கமெண்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "பேஸ் கம்பி செத்துப்போச்சு ப்ரோ, புதுசு வாங்கக் காசில்லையா?" அங்கேயே பதில் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். அதற்கு லைக் குவிவதைப் பார்த்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை.

அது செத்த கம்பி இல்லை. என் பேஸ் கிட்டாரில் இருப்பது ஒலி மங்கிப்போன பழசல்ல, ஃப்ளாட்வவுண்ட் என்ற வகை. தேடி வாங்கி, ஜாஸுக்கென்றே மாட்டி, வருஷக்கணக்கில் கழற்றாமல் வைத்திருக்கிறேன்.

பேஸ் கம்பியின் நடுவே ஒரு உலோகக் கம்பி, அதன்மேல் இன்னொன்றைச் சுற்றியிருப்பார்கள். உருண்டைக் கம்பியைச் சுற்றினால் ரவுண்ட்வவுண்ட்: கணீரென்று ஒலிக்கும், விரல் நகர்ந்தால் கிறீச்சிடும், இடுக்கில் வியர்வையும் அழுக்கும் சேரச் சேர மங்கிவிடும். தட்டையான நாடாவைச் சுற்றினால் ஃப்ளாட்வவுண்ட். தடவினால் வழவழவென்று இருக்கும். மீட்டியதும் 'தும்' என்று வந்து சீக்கிரம் அடங்கும். குடல் நரம்பு மாட்டிய டபுள் பேஸ், அதாவது நிறுத்தி வைத்து வாசிக்கும் பெரிய மரப் பேஸ், அதன் சத்தத்துக்கு எலெக்ட்ரிக் பேஸில் நெருங்கி வரும். 1951இல் ஃபெண்டர் கம்பெனியின் பிரசிஷன் பேஸ் கிட்டார் வந்தபோதும் ஃப்ளாட்வவுண்ட்தான். ரவுண்ட்வவுண்ட் பரவியது அறுபதுகளில், ராக் இசையில் ரோட்டோசவுண்ட் கம்பெனியின் கம்பிகள் வந்தபிறகு.

ஜாஸில் டிரம்ஸின் ரைடு சிம்பல் என்ற உலோகத் தட்டு மேலே, உயர்ந்த ஒலியில், ஓயாமல் ஒலிக்கிறது. பியானோவின் வலது கையும் அங்கேதான். பேஸும் அங்கே போய்க் கணகணத்தால் அடியில் யார் இருப்பது? வாக்கிங் பேஸில், அதாவது அடிக்கொரு சுரமாக நடந்து போகும் வாசிப்பில், நாலு அடியும் தனித்தனியாகக் காலூன்ற வேண்டும். முந்தைய சுரம் இழுத்துக்கொண்டே இருந்தால் அடுத்தது கலங்கிப்போகும்.

எனக்கு இதை அறிமுகப்படுத்தியவர், சர்ச்சில் பேஸ் வாசித்த அண்ணன் ஒருவர். நான் வாசிப்பதைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "தம்பி, உன் விரல் ஓடுற சத்தம்தான் எனக்குக் கேக்குது, பாட்டு கேக்கல" என்றார். பிறகு தன் பேஸை என் மடியில் வைத்தார். கம்பி கருத்துப்போயிருந்தது. ஒரே ஒரு சுரம்தான் மீட்டினேன், நெஞ்சுக்கூட்டில் வந்து உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தைத்தான் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன். அதைப் பார்த்துத்தான் செத்துப்போச்சு என்கிறார்கள்.

"ட்ரெபிளைக் குறைத்தால் போதுமே" என்பார்கள். போதாது. குமிழைத் திருகினால் கூர்மை குறையும், சுரம் அடங்கும் விதம் மாறாது. "ஜாஸ் பேஸ் மேதை ஜாகோ பாஸ்டோரியஸ் ரவுண்ட்வவுண்ட்தானே வாசித்தார்?" ஆமாம், ஃப்ரெட் (கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகள்) இல்லாத பேஸில், ரோட்டோசவுண்ட் மாட்டி. அவரைக் கும்பிடுகிறேன். ஆனால் பேஸைப் பாட வைப்பது அவர் வழி. நான் கேட்பது வெதுவெதுப்பு. மோட்டவுன் என்ற டெட்ராய்ட் சோல் இசைக் கம்பெனியின் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனைப் பாருங்கள். தடித்த லா பெல்லா கம்பெனி ஃப்ளாட்வவுண்ட், அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். மோட்டவுன் ஜாஸ் இல்லையே என்று வராதீர்கள். அவர் டெட்ராய்ட் ஜாஸ் கிளப்புகளில் டபுள் பேஸ் வாசித்து வளர்ந்தவர்.

விலை அதிகம்தான். ஆனால் பல வருஷம் உழைக்கும்.

புதிதாக மாட்ட நினைப்பவர்களுக்கு: கம்பி எவ்வளவு விறைப்பாக நிற்கும் என்ற இழுவையைப் பார்த்து வாங்குங்கள். லா பெல்லா விறைப்பு, அடி கனமாக விழும். வியன்னாவின் தோமாஸ்டிக் ஜாஸ் ஃப்ளாட்ஸ் தளர்வு, விரலுக்கு இதம், சுரம் கொஞ்சம் நீளும். எனக்குப் பிடித்தது இரண்டாவது. இன்னும் மென்மை வேண்டுமானால் நைலான் நாடா சுற்றியது இருக்கிறது. எதுவானாலும் மாட்டிய முதல் வாரத்தில் முடிவு கட்டாதீர்கள், பழகப் பழகத்தான் இனிக்கும்.

இன்னொன்று. பேஸில் மிகத் தாழ்ந்த சுரம் தரும் கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கரில் அது வரவே வராது. ரவுண்ட்வவுண்டில் மேல் ஹார்மானிக்ஸ் (சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த அதிர்வுகள்) அதிகம் என்பதால் போனிலும் எட்டிப் பார்க்கும், ஃப்ளாட்வவுண்ட் அப்படி வராது. பேருந்தில் போனில் கேட்டுவிட்டு ஒருவனுடைய கம்பி செத்துவிட்டது என்று எழுதுவது என்ன நியாயம்?

முகம் தெரியாதவர் எழுதியதை மறந்துவிடுவேன். லைக் போட்டவர்களில் என்னோடு மேடையில் நின்றவர்களும் இருக்கிறார்கள். ஒத்திகையில் பக்கத்தில் உட்கார்ந்து "இன்னிக்கு சவுண்ட் நல்லா இருக்கு" என்று சொன்னவர்கள். பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே?