திப்பிலி இல்லாத தீபாவளி மருந்து

(தீபாவளிக்கு முதல் நாள் மாலை. வெல்லமும் நெய்யும் தயார். ராமநாதன் நாட்டு மருந்துக் கடையிலிருந்து வருகிறார்.)

கமலா: சுக்கு, ஓமம், சித்தரத்தை, மிளகு... திப்பிலி எங்கேங்க?

ராமநாதன்: அது என்ன விலை சொல்கிறார் தெரியுமா! அதனால் மிளகைக் கூடுதலாக வாங்கிவிட்டேன். இரண்டும் காரம்தானே?

கமலா: சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தால்தான் திரிகடுகம். சித்த வைத்தியரும் ஆயுர்வேத வைத்தியரும் சண்டை போடாமல் ஒத்துக்கொண்ட கூட்டணி. அதை நீங்கள் ஒரே ஆளாக உடைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள்.

ராமநாதன்: சரி, இரண்டு மிளகாய் வற்றல் போட்டுவிடு. மூன்றாகிவிடும்.

கமலா: மிளகாயா? அது 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து இறங்கியது. பெயரைக்கூட மிளகிடம்தான் கடன் வாங்கியது. அதைக் கொண்டுபோய் லேகியத்தில் போடுவார்களா?

ராமநாதன்: வரலாற்று டீச்சரைக் கட்டிக்கொண்டால் வாணலிக்குள்ளும் போர்த்துக்கீசியன் வருவான்.

கமலா: ரோமாபுரிக்காரனும் வருவான். 1-ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு ராத்தல் மிளகு 4 தெனாரியம், அதாவது 4 வெள்ளிக்காசு; திப்பிலி 15. பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார். அவன் அந்த விலைக்கு வாங்கினான். உங்களுக்குத் தெருமுனைக் கடையில் வாங்கக் கை வரவில்லை.

ராமநாதன்: அந்தப் பிளினி புலம்பவே இல்லையா?

கமலா: புலம்பாமல்? வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகிறதே என்று புலம்பினார்.

ராமநாதன்: பார்த்தாயா, குடும்பஸ்தன்!

கமலா: இங்கிலீஷ்காரன் ‘பெப்பர்’ என்கிறானே, அந்தச் சொல்லே திப்பிலியின் வடமொழிப் பெயரான பிப்பலி கிரேக்கம் வழியாகப் போனதுதான். பெயர் கொடுத்ததை விட்டுவிட்டு, பெயர் வாங்கியதை மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள்! நாளைக்கு விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்ததும் நெல்லிக்காய் அளவு லேகியம், அப்புறம்தான் பட்சணம். போன வருஷம் லேகியத்தைத் துப்பிவிட்டு ஒன்பது பாதுஷா தின்றுவிட்டு, மத்தியானம் சுருண்டு படுத்தது யார்?

ராமநாதன்: (செருப்பை மாட்டிக்கொண்டே) எட்டு.

(அரை மணி நேரம் கழித்து.)

கமலா: கிடைத்ததா?

ராமநாதன்: கிடைத்தது. முதலில் சொன்ன விலைக்கு மேல் இருபது ரூபாய்.

கமலா: அதெப்படி?

ராமநாதன்: பேரம் பேசும்போது பேச்சுவாக்கில் பிளினியைப் பற்றிச் சொல்லிவிட்டேன். “ரோம்காரனே அவ்வளவு கொடுத்தானா சார்?” என்று கேட்டுவிட்டு, நிறுத்துப் போட்டதைத் திரும்ப டப்பாவில் கொட்டிவிட்டார்.