கருப்பட்டியின் வம்சம்

போன குளிர்காலத்தில் பாஸ்டன் பக்கம் அக்கா வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். அக்கா, அத்தான், அப்புறம் ஏழரைக் கிலோ எடையில் ஒரு பூனை. மேய்ன் கூன் என்ற ஜாதி. பழுப்பு உடம்பில் கறுப்பு வரி. நிறத்தைப் பார்த்து அக்கா வைத்த பெயர் கருப்பட்டி. முதல் நாள் இருட்டில் அது மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, வீட்டுக்குள் நரி புகுந்துவிட்டது என்றே நினைத்தேன்.

வருகிறவர்களிடமெல்லாம் அக்கா ஒரு கதை சொல்வாள். பிரெஞ்சுப் புரட்சியின்போது ராணி மரி அந்துவானெத்தை நாட்டைவிட்டுக் கடத்திக்கொண்டு போகத் திட்டம் போட்டார்களாம். சாமுவேல் கிளஃப் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவனின் கப்பலில் ராணியின் தட்டுமுட்டுச் சாமான்களும் அருமையாக வளர்த்த ஆறு அங்கோரா பூனைகளும் ஏறிவிட்டனவாம். ராணி மட்டும் வந்து சேரவில்லை. 1793-ல் தலை போய்விட்டது. கப்பல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலக் கரையில் விஸ்காசெட் என்ற ஊருக்கு வந்து நின்றது. அங்கே இறங்கி ஓடிய பூனைகளின் வாரிசுதான் நம் கருப்பட்டி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ராணியின் பூனைகள் அந்தக் கப்பலில் வந்தன என்பதற்கு ஆதாரம்தான் கிடையாது. இன்னொரு கதை இதைவிட மோசம்: பூனையும் ரக்கூன் என்ற வளைய வால் காட்டு விலங்கும் கூடிப் பிறந்ததாம், அதனால்தான் பெயரில் ‘கூன்’ இருக்கிறதாம். இரண்டும் வேறு வேறு விலங்குக் குடும்பம், குட்டி பிறக்க வழியே இல்லை. வளையம் போட்ட புசுபுசு வாலைப் பார்த்து யாரோ வைத்த பெயராக இருக்கலாம், அவ்வளவுதான்.

எனக்கு எரிச்சல் எங்கே என்றால், இந்தப் பூனையின் உண்மையான கதை ராணி கதையைவிட எவ்வளவோ மேல். இது தொழுவத்துப் பூனை. கப்பல்களில் எலி பிடிக்க வைத்திருந்த பூனைகள் துறைமுகங்களில் இறங்கி, ஊர்ப் பூனைகளோடு கலந்து, பண்ணை வீடுகளில் பெருகின. மரபணு ஆய்வுகளும் இதை மேற்கு ஐரோப்பாவின் சாதாரணப் பூனைகளோடுதான் சேர்க்கின்றன. நீளமான முடிக்கான மரபணு ஒடுங்கியது. தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் முடி நீளும். வேறு ஊராக இருந்தால் அது அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டிவிட்டுப் போயிருக்கும். மேய்னின் பனியில் நீள முடிக்காரன்தான் பிழைத்தான்.

கருப்பட்டியை மடியில் மல்லாத்திப் பார்த்தால் அந்தக் குளிர்காலம் முழுக்க அதன் உடம்பில் எழுதியிருக்கும். மடியில் அது இருக்கும் அரை நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். தோளில் முடி குட்டை. வயிற்றிலும் பின்தொடையிலும் நீளம், ஏனென்றால் பனியில் உரசுவது அந்தப் பக்கம்தான். பாதத்தில் விரல்களுக்கு நடுவே முடிக் கொத்து, பனியில் புதையாமல் நடக்க. காதுக்குள்ளும் அடைத்த மாதிரி முடி. படுக்கும்போது அந்த நீள வாலைச் சுற்றி முகத்தை மூடிக்கொள்ளும். கம்பளியைக் கையோடு கொண்டுவந்த பிறவி. மேல்முடியில் லேசாக எண்ணெய்ப் பசை, தண்ணீர் சட்டென்று ஒட்டாது.

1860-களிலேயே மேய்னில் ஸ்கோஹீகன் என்ற ஊரின் சந்தையில் விவசாயிகள் தங்கள் கூன் பூனைகளைக் கொண்டுவந்து போட்டி வைத்தார்களாம். 1895-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பெரிய பூனைக் கண்காட்சி நடந்தது. அதில் எல்லாப் பூனைகளையும் தாண்டி முதலிடம் பெற்றது கோசி என்ற பெண் பூனை. அதுவும் பழுப்பில் கறுப்பு வரி, நம் கருப்பட்டி நிறம்! பரிசாகக் கொடுத்த வெள்ளிக் கழுத்துப்பட்டை இன்றும் பத்திரமாக இருக்கிறது.

அதற்கப்புறம் பெர்ஷியன் பூனை மோகம் வந்தது. பஞ்சு உடம்பாக ஒன்று வந்ததும் பண்ணைக்காரனை யார் கவனிப்பார்கள்? 1950-களில் இந்த இனமே அழிந்துவிட்டது என்றுகூடச் சொன்னார்கள். சொன்னது கண்காட்சிக்காரர்கள். மேய்ன் தொழுவங்களில் அது பாட்டுக்கு எலி பிடித்துக்கொண்டுதான் இருந்தது. பிறகு உள்ளூர்க்காரர்கள் விடாமல் முயன்று, 1968-ல் வளர்ப்பவர்கள் சங்கம் அமைத்து, 1976-ல் அமெரிக்காவின் பெரிய பூனைப் பதிவு அமைப்பில் சாம்பியன் பட்டத்துக்குப் போட்டியிடும் தகுதி வாங்கினார்கள். 1985-ல் அது மேய்ன் மாநிலத்தின் அதிகாரபூர்வப் பூனை ஆனது.

குணத்துக்கு வருகிறேன். ‘நாய் மாதிரி இருக்கும்’ என்று எல்லாரும் பாராட்டுகிறார்கள். பூனையைப் பாராட்ட நாயை இழுப்பது என்ன நியாயம்? அது பின்னாலேயே வருவது உண்மைதான். நான் காபி போட்டால் சமையலறை, துணி மடித்தால் படுக்கையறை. ஆனால் வாலாட்டிக் கெஞ்சாது. இரண்டடி தள்ளி உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும். குரல்தான் பெரிய வேடிக்கை. இத்தனை பெரிய உடம்பிலிருந்து ‘மியாவ்’ அபூர்வம். குருவி போல ‘ர்ர்ருப்’ என்று ஒரு கீச்சல். தண்ணீரும் பிடிக்கும். குடிக்கும் முன் கிண்ணத்தில் காலை விட்டுக் கலக்கித் தரையெல்லாம் நனைத்துவிடும். துடைப்பது அத்தான் வேலை. வாரம் இரண்டு முறை சீவிவிடுவதும் அவர்தான். விட்டால் அக்குளில் சிக்கு விழுந்து சடையாகிவிடும்.

இப்போது இணையத்தில் ஓடுவது வேறு மோகம்: யார் பூனை பெரியது என்று. ஸ்டூயி என்ற மேய்ன் கூன் மூக்கு முதல் வால் நுனி வரை 123 செ.மீ. நீளம், 2010-ல் கின்னஸ் சாதனை. சரி, அது சாதனை. சாதாரணமாக ஆண் பூனை ஆறிலிருந்து எட்டுக் கிலோ, பெண் அதைவிடக் குறைவு. முழு வளர்த்தி வரவே மூன்று நான்கு வருடம் ஆகும். விற்கிறவர்களோ குட்டியைக் காட்டிப் பதினைந்து கிலோ கணக்குச் சொல்கிறார்கள். எடை கேட்கிறவர்கள் இதயத்தைப் பற்றிக் கேட்பதில்லை. இந்த இனத்தில் இதயத் தசை தடித்துப்போகும் நோய் உண்டு. அதற்குக் காரணமான ஒரு மரபணுப் பிறழ்வை 2005-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள், சோதனையும் இருக்கிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு மேய்ன் கூனிடம் அது உண்டு. தாய், தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வந்து இரண்டு பிரதி இருந்தால்தான் ஆபத்து அதிகம். சோதனையில் இல்லை என்று வந்தாலும் நோயே வராது என்று சொல்ல முடியாது, அதனால் இதய ஸ்கேனும் தேவை. ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்குகிறவர்கள் வம்சப் பத்திரத்தை மட்டும் சட்டம் போட்டு மாட்டுகிறார்கள். தாய், தகப்பனின் சோதனைச் சீட்டைக் கேட்டால் விற்பவர் முகம் சுளிக்கிறாரா? வேறு இடம் பாருங்கள்.

நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் அத்தானின் நண்பர் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் பெண் பூனையைப் பார்த்து வாயைப் பிளந்தாள். அக்கா உடனே ஆரம்பித்துவிட்டாள்: “இது சாதாரணப் பூனை இல்லம்மா, பிரான்ஸ் ராணி இருக்காங்கல்ல...”

நான் தொண்டையைச் செருமினேன்.

“நீ சும்மா இருடா” என்றாள் அக்கா.

கருப்பட்டி சமையலறைத் தொட்டிக்குள் இறங்கி, சொட்டுகிற குழாய்க்குக் கீழே தலையை நீட்டிக்கொண்டிருந்தது.