தண்டனை முடிந்தது, ஓட்டு மட்டும் வரவில்லை

அமெரிக்காவில் ஓட்டுரிமை என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 1965, கறுப்பினத்தவர் ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போன செல்மா பாலம், மார்ட்டின் லூதர் கிங். அதோடு அந்தச் சண்டை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஃப்ளோரிடா மாநிலத்தில் 2018க்குப் பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டும். எனக்கு அதை நினைக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

2018 வரை ஃப்ளோரிடாவில் 'ஃபெலனி' எனப்படும் பெரிய குற்றத்தில் தண்டனை பெற்றவர், தண்டனையை முடித்து வெளியே வந்த பிறகும், ஆளுநர் தரப்பு மனமிரங்கி உரிமையைத் திருப்பித் தராவிட்டால் சாகும்வரை ஓட்டுப் போட முடியாது என்று இருந்தது. நம் நாட்டில் சிறைக்குள் இருக்கும்போதுதான் ஓட்டு இல்லை என்பதால் இது நமக்கு விசித்திரமாகத் தெரியும். அந்தத் தடை 1868ஆம் ஆண்டு மாநில அரசியல் சட்டத்தில் வந்தது. அடிமை முறை ஒழிந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. கறுப்பின ஆண்களுக்கு ஓட்டுரிமை வந்துகொண்டிருந்த நேரம். 2016இல் கணக்குப் பார்த்தபோது அங்கே கறுப்பின வயது வந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு மேல் ஓட்டு இல்லாமல் இருந்தார்கள்.

இதை மாற்றக் கிளம்பியவர் டெஸ்மண்ட் மீட். சிறை, போதை, வீடின்மை எல்லாம் பார்த்தவர். பிறகு படித்துச் சட்டப் பட்டம் வாங்கினார். 2016இல் அவர் மனைவி மாநில சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டபோது, சொந்த மனைவிக்கு ஓட்டுப் போட அவருக்கு உரிமை இல்லை. அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் கையெழுத்து வாங்கி 2018 நவம்பரில் 'திருத்தம் 4' என்ற மாநில அரசியல் சட்டத் திருத்தத்தை மக்கள் வாக்கெடுப்புக்கு வைத்தார்கள். 51 லட்சம் பேருக்கு மேல் ஆதரித்தார்கள். 60 சதவீதம் போதும், கிட்டத்தட்ட 65 கிடைத்தது. கொலை, பாலியல் குற்றம் தவிர மற்றவற்றில் தண்டனையை முடித்தவர்களுக்கு ஓட்டு உண்டு என்றானது. சுமார் 14 லட்சம் பேருக்கு வழி திறந்தது.

திறந்த கதவை மறு வருடமே சாத்தினார்கள். அபராதம், நீதிமன்றக் கட்டணம், இழப்பீடு எல்லாவற்றையும் கடைசி டாலர் வரை கட்டினால்தான் தண்டனை முடிந்ததாக அர்த்தம் என்று 2019இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். இந்தக் கட்டணங்கள் என்னவென்று பாருங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை, அரசு வக்கீல் வேண்டும் என்று கேட்டால் விண்ணப்பத்துக்கு 50 டாலர். தண்டனை கிடைத்தால் அந்த வக்கீலுக்காகக் குறைந்தது 100 டாலர். பாக்கி வசூல் நிறுவனத்திடம் போனால் மேலே 40 சதவீதம் வரை சேரலாம். ஏழை என்று நிரூபித்ததற்கே பில் போடுகிறார்கள்.

எவ்வளவு பாக்கி என்று கேட்டால் பதில் சொல்ல மாநிலத்தில் ஒரே இடம் கிடையாது. ஒரு பேராசிரியரும் ஆராய்ச்சி மாணவர்களும் 153 பேரின் கணக்கைத் தேடினார்கள். மூன்று பேரைத் தவிர மற்ற அத்தனை பேர் கணக்கிலும் ஓர் ஆவணம் ஒன்று சொன்னது, இன்னொன்று வேறு சொன்னது. மத்திய அரசு நீதிமன்ற நீதிபதி ராபர்ட் ஹிங்கிள் 2020 மே மாதம் இதைக் காசு கட்டி ஓட்டுப் போடும் முறை என்றே எழுதி, கட்ட முடியாதவர்களை ஓட்டுப் போட விடச் சொன்னார். செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 6-4 என்று அதை ரத்து செய்தது. 1966இலேயே வர்ஜீனியாவின் ஒன்றரை டாலர் ஓட்டு வரியை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொன்ன நாடு அது!

தண்டனை என்றால் முழுசாக அனுபவிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்குப் பணம் போய்ச் சேர வேண்டாமா என்று கேட்பார்கள். சேரட்டும். ஆனால் ஒரே குற்றம், ஒரே சிறைக்காலம். ஒருவர் செக் எழுதிவிட்டு அடுத்த தேர்தலில் வரிசையில் நிற்கிறார், இன்னொருவர் கூலி வேலை பார்த்து மாதம் இருபது டாலர் கட்டிக்கொண்டு பத்து வருடம் வெளியே நிற்கிறார். இந்த வித்தியாசத்துக்குக் குற்றம் காரணம் இல்லை, பணம்தான்.

அப்புறம் பயம். 2022 ஆகஸ்டில், நவம்பர் தேர்தலுக்குச் சில மாதம் முன்பு, சட்டவிரோதமாக ஓட்டுப் போட்டதாக 20 பேர் மீது வழக்கு என்று ஆளுநர் டிசாண்டிஸ் மேடை போட்டு அறிவித்தார். பெரும்பாலோர் கறுப்பினத்தவர். திருத்தத்தில் விலக்கப்பட்ட குற்றங்களில் தண்டனை பெற்றவர்கள் அவர்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களுக்கு வாக்காளர் அட்டை கொடுத்ததும் அரசு அலுவலகம்தானே? அந்தச் செய்தியைப் பார்த்த, உரிமை உள்ள இன்னொருவர் வாக்குச்சாவடிப் பக்கம் போகத் தயங்குவார்.

இதே நாட்டில் 2010இல் சிட்டிசன்ஸ் யுனைடெட் வழக்கில், கம்பெனிகள் தேர்தலுக்காகத் தனியாகச் செலவழிப்பது பேச்சுரிமை, அதற்கு வரம்பு போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 5-4 என்று சொன்னது. 2024 தேர்தலில் ஈலான் மஸ்க் ஒருவர் மட்டும் 25 கோடி டாலருக்கு மேல் இறக்கினார். தன் மனுவில் கையெழுத்துப் போடும் பதிவு பெற்ற வாக்காளர்களில் தினம் ஒருவருக்கு பத்து லட்சம் டாலர் கொடுத்தார். பென்சில்வேனியா நீதிபதி ஒருவர் அதைத் தடுக்க மறுத்துவிட்டார். கோடிகளைக் கொட்டுபவருக்கு அரசியலில் வரம்பே இல்லை. சில நூறு டாலர் பாக்கி வைத்தவருக்கு நுழைவே இல்லை.

பாக்கியை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மற்ற கடன்களை எப்படி வசூலிக்கிறார்களோ அப்படியே வசூலிக்கட்டும். சிறையிலிருந்து வெளியே வந்தவரின் பெயரை அன்றே வாக்காளர் பட்டியலில் சேர்க்கட்டும். எவ்வளவு பாக்கி என்று தனக்கே தெரியாத மாநிலம், அந்தப் பாக்கியைக் காட்டி ஒருவரின் ஓட்டைப் பிடித்து வைக்கக் கூடாது.