ஆக்சிஜன் தீராது, சரி, தரம் குறைந்தால்?
தேஜஸ் போர் விமானத்தில் பறக்கும்போதே விமானிக்கு ஆக்சிஜன் தரும் புதிய கருவியைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். ‘ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்துவிடும் என்ற கவலை போய்விட்டதால் தேஜஸ் விமானியின் சுவாசப் பிரச்சினையும் முடிந்தது’ என்று கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்தக் கருவி ஆக்சிஜனைப் புதிதாக உண்டாக்குவதில்லை. எஞ்சினிலிருந்து வரும் அழுத்தக் காற்றை ஜியோலைட் என்ற நுண்துளைக் கனிமத்தின் வழியாக அனுப்பி நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். 2021 கொரோனா அலையில் அப்பாவுக்காக வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரும் இதே வகைதான். ஒரு நாள் இரவு மெஷின் சத்தம் வழக்கம்போல் இருந்தது, மூக்குக் குழாயில் காற்றும் வந்தது. ஆனால் ஆக்சிமீட்டர் 94-லிருந்து 88-க்கு இறங்கிவிட்டது. பார்த்தால் பின்பக்க ஃபில்டர் முழுக்கத் தூசி. காற்று வருகிறது, ஆனால் ஆக்சிஜன் குறைவு என்பதை மூக்கு சொல்லாது. வானத்தில் ஒற்றை ஆளாக இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? அமெரிக்காவில் எஃப்-22 போர் விமானங்களை 2011 மே முதல் செப்டம்பர் வரை தரையிறக்கி வைத்தார்கள். முதலில் சந்தேகப்பட்டது ஆக்சிஜன் கருவியைத்தான். அப்புறம் விமானியின் மார்பு அங்கியில் இருந்த வால்வு, தேவையில்லாத நேரத்தில் அங்கியை உப்பவைத்து மூச்சை இறுக்கியது தெரியவந்தது. 2017-ல் டி-45 பயிற்சி விமானங்களில் பறக்க அமெரிக்கக் கடற்படைப் பயிற்றுநர்கள் பலர் மறுத்ததும் மூச்சுப் பிரச்சினையால்தான். கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒருவர் ‘அப்போ பழைய சிலிண்டரே போதுமே’ என்று கேட்டிருக்கிறார். போதாது, வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு மணிக்கணக்காகப் பறக்கும்போது ஆக்சிஜனுக்காகத் திரும்பிவர முடியாது. 2025 மார்ச்சில் இந்தக் கருவியை 50,000 அடி உயரம் வரை சோதித்ததைப் பெருமையாக எழுதியவர், ஆக்சிஜன் செறிவு குறைந்தால் எச்சரிக்கும் சென்சார் பற்றியும் அவசரகால ஆக்சிஜன் பற்றியும் நாலு வரி எழுதியிருக்க வேண்டும்.