விடோர் மெதுவாகத்தான் வாசித்தார்

சென்ற வாரம் நண்பர் ஒருவர் ஓர் ஒலிக்கோப்பை அனுப்பியிருந்தார். பிரெஞ்சு ஆர்கன் கலைஞரும் இசையமைப்பாளருமான ஷார்ல் மரி விடோர் 1932-ஆம் ஆண்டு, தம்முடைய 88-ஆம் வயதில், பாரிஸின் சென் சுல்பீஸ் தேவாலயத்துப் பைப் ஆர்கனில் தாமே இயற்றிய ஐந்தாம் சிம்பொனியின் டொக்காட்டாவை (விரல் வேகத்தைக் காட்டும் துரிதமான பகுதி) வாசித்துப் பதிந்த இசைத்தட்டு அது. இன்றைய கலைஞர்கள் பாய்ந்தோடும் இடங்களில் எல்லாம் அந்த முதியவர் நிதானமாக நடப்பதைக் கேட்டுப் பலருக்கும் மனம் ஒப்புவதில்லை. நண்பருக்கும் ஒப்பவில்லை. தட்டைக் கணினியில் ஏற்றியவர்கள் வேகத்தைக் குறைத்துச் சுழற்றிவிட்டார்கள் என்று முடிவு செய்து, சுருதியை இன்றைய பொது அளவான 440-க்கு ('ஏ' சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வுகள்) உயர்த்தி, "இதுதான் உண்மையான விடோர்" என்ற குறிப்புடன் எனக்கு அனுப்பிவிட்டார். அவருக்குத் தனியாக எழுதிய பதிலை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். ஏனெனில் பழைய ஆர்கன் பதிவுகளைப் பற்றிய பேச்சு எங்கே நடந்தாலும் சுருதியையும் காலப்பிரமாணத்தையும் (வாசிக்கும் வேகத்தையும்) போட்டுக் குழப்பும் இந்தப் பழக்கம் தலைகாட்டிவிடுகிறது.

இசைத்தட்டில் இந்த இரண்டும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. தட்டை வேகமாகச் சுழற்றினால் இசை விரைவதோடு சுருதியும் ஏறும். மெதுவாகச் சுழற்றினால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். ஒரு சுரத்தானம் (பன்னிரண்டு சுரத்தானங்களில் ஒரு படி) மேலே ஏற வேண்டுமென்றால் வேகம் ஏறத்தாழ 6 சதவீதம் கூட வேண்டும். இப்போது டொக்காட்டாவை எடுத்துக்கொள்வோம். அதன் முந்தைய பதிப்பில் விடோர் கொடுத்த மெட்ரோனோம் எண், அதாவது தாளத் துடிப்பின் வேகம், நிமிடத்துக்கு 118. பின்னாளில் அதையே அவர் 100 ஆகக் குறைத்தார். அவர் 118-இல் வாசித்ததைக் கருவிதான் 100-க்கு இழுத்துவிட்டது என்று யாரேனும் வாதிட்டால், சுருதி மூன்று சுரத்தானங்கள் அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும் என்பதையும் அவர் சேர்த்தே ஒப்புக்கொண்டாக வேண்டும். டொக்காட்டா எஃப் மேஜரில் எழுதப்பட்டது. நம் ஆர்மோனியக் கணக்கில் சொன்னால், நாலு கட்டையில் வாசித்தது ரெண்டு கட்டையில் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கவில்லை, நாலு கட்டையை ஒட்டித்தான் கேட்கிறது. ஆகவே அந்த நிதானம் விடோருடையது. நண்பர் செய்த திருத்தத்தையே பாருங்கள்: பிரான்ஸின் பழைய அளவான 435-ஐ 440 ஆக்கினால் வேகம் ஒரு சதவீதத்துக்குச் சற்றே மேல் கூடுகிறது, அதாவது நிமிடத்துக்கு 100 என்பது 101 ஆகிறது. இந்த வேறுபாட்டைக் கேட்டு உணரும் காது எனக்கு இல்லை. அவருக்கும் இருக்காது என்றே நினைக்கிறேன்.

சுருதியைப் பற்றிய சச்சரவு இதைவிடச் சுவையானது. 440 என்னும் எண்ணை அளவுகோலாகக் கொண்டு பிரெஞ்சு ஆர்கன்களை அணுகுவதே முதல் பிழை. பிரான்ஸில் 1859-ஆம் ஆண்டுச் சட்டம் 'ஏ' சுரத்தை 435 என்று நிர்ணயித்தது. அதுவும் 15 பாகை செல்சியஸில் என்று வெப்பநிலையையும் சேர்த்தே சொன்னது. ஆர்கன் கட்டும் கலைஞர் கவாயே கோல் சென் சுல்பீஸ் ஆர்கனைக் கட்டி முடித்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து. வெப்பநிலையைச் சட்டத்திலேயே குறித்ததற்குக் காரணம் உண்டு. காற்று சூடேறினால் அதில் ஒலி விரைந்து செல்லும். குழாயின் நீளம் அப்படியே இருக்க, சுருதி மட்டும் ஏறும். ஒரு பாகைக்கு ஒரு சுரத்தானத்தின் நூறில் மூன்று பங்கு என்பது தோராயக் கணக்கு. 15 பாகையில் 435-இல் நின்ற குழாய் 25 பாகையில் 442-ஐத் தாண்டிவிடும். எனவே குளிர்காலத்துக் காலையில் பதிந்த ஆர்கனும் கோடை மாலையில் பதிந்த அதே ஆர்கனும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கு நியாயமே இல்லை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. இந்த ஏற்றம் புல்லாங்குழலைப் போல விளிம்பில் காற்று மோதி ஒலிக்கும் குழாய்களுக்குத்தான் முழுமையாகப் பொருந்தும். உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் ரீட் குழாய்கள் அந்த அளவுக்கு நகர்வதில்லை. அதனால்தான் வெயில் ஏறிய நாளில் இரண்டு வகையும் ஒன்றோடொன்று இசையாமல் உரசுகின்றன. இசைத்தட்டின் வேகப் பிழையோ எல்லாக் குழாய்களையும் ஒரே விகிதத்தில் தூக்கும் அல்லது தாழ்த்தும். ஆகவே ஒரு பழைய பதிவில் ரீட்களும் மற்றக் குழாய்களும் உரசிக்கொண்டால், தட்டைச் சுழற்றியவரைத் திட்டுவதற்கு முன் அன்றைய வானிலையைச் சந்தேகிப்பது நல்லது. கீறல் இரைச்சலுக்கு நடுவே இதைப் பிரித்துக் கேட்பது எளிதன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

தட்டுகளின் பக்கத்திலும் குற்றமில்லாமல் இல்லை. நிமிடத்துக்கு 78 சுற்று என்று நாம் வாய்ப்பாடாகச் சொன்னாலும், கொலம்பியா நிறுவனம் பல தட்டுகளின் லேபிளில் 80 என்றே அச்சிட்டது. இரண்டுக்கும் இடையில் கிட்டத்தட்ட அரைச் சுரத்தானம் வேறுபாடு வந்துவிடும். தட்டு வெட்டும் இயந்திரங்கள் பல, மேலிருந்து இறங்கும் எடைக்கல்லின் இழுப்பில் ஓடியவை. முழு ஆர்கனும் ஒலிக்கும் பெரிய சுரக்கூட்டில் சுருதி ஒரு கணம் தொய்ந்தால், அது இயந்திரத்தின் தடுமாற்றமாகவும் இருக்கலாம், காற்றுப்பெட்டியில் அழுத்தம் குறைந்ததாகவும் இருக்கலாம். இவையெல்லாம் சேர்ந்தாலும் பிழை ஒரு சுரத்தானத்துக்குள் அடங்கிவிடும் என்பதுதான் என் வாதம். இந்த அளவு சுருதிக்குப் பெரிய குறை, காலப்பிரமாணத்துக்குச் சிறிய குறை.

நம் பழைய கர்நாடக இசைத்தட்டுகளோடு ஒப்பிட்டால் ஆர்கன் ரசிகர்கள் கொடுத்து வைத்தவர்கள். பாடகர் அன்று எந்தக் கட்டையில் பாடினார் என்பதற்கு அவருடைய தொண்டையைத் தவிர வேறு சாட்சி இல்லை. சென் சுல்பீஸ் ஆர்கனோ இன்றும் அதே மாடத்தில் நிற்கிறது, போய் அளந்து பார்க்கலாம். எல்லா ஆர்கனுக்கும் இந்தப் பேறு வாய்க்கவில்லை. ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1935-இல் லண்டன் கோபுரத்துக்கு அருகிலுள்ள ஆல் ஹாலோஸ் தேவாலயத்தில் பாக் இசையைப் பதிந்தார். 1940 டிசம்பரில் விழுந்த குண்டுகளில் அந்த ஆர்கன் அழிந்தது. ஷ்வைட்சர் விடோரின் மாணவர், பாக் படைப்புகளைப் பதிப்பிப்பதில் அவருக்குத் துணை நின்றவர். ஒவ்வோர் இழையும் தனித்தனியே விளங்க வேண்டும் என்பதற்காக மிதமான வேகத்தை எழுத்திலும் வலியுறுத்தியவர். ஆசிரியர், மாணவர் இருவர் விஷயத்திலும் சுழல்தட்டு ஒரே திசையில் பிழை செய்தது என்று நம்புவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

விந்தை என்னவென்றால், கரகரக்கும் தட்டைச் சந்தேகிக்கும் இதே ரசிகர்கள், வாசிப்பைத் துளைகளாகப் பதிந்துகொண்டு பின்னர் ஆர்கனைத் தானாக இயக்கும் காகிதச் சுருள்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் மாக்ஸ் ரேகர் 1913-இல், தானாக இயங்கும் இசைக்கருவிகளைச் செய்த வெல்டே நிறுவனத்துக்காக வாசித்தது சுருளில் துளைகளாகப் பதிவாகியிருக்கிறது. அதை இன்று சுவிட்சர்லாந்தின் ஸேவென் அருங்காட்சியகத்தில், பிரிட்டானிக் கப்பலுக்காகக் கட்டப்பட்ட வெல்டே ஆர்கனில் இரைச்சலே இல்லாமல் கேட்கலாம். ஆனால் சுருளில், சுருதியையும் வேகத்தையும் கட்டிய அந்தக் கயிறு அறுந்துவிடுகிறது. காகிதம் எவ்வளவு வேகமாக நகர்ந்தாலும் குழாய் தன் சுருதியில்தான் ஒலிக்கும். வேகம் 20 சதவீதம் பிழையானாலும் சுருதி நம்மை எச்சரிக்காது. போதாக்குறைக்கு, காகிதம் உருளையில் சுற்றச் சுற்ற அதன் பருமன் கூடி, நகரும் வேகமும் கூடிக்கொண்டே போகும். ரேகர் தம் இசையை எந்த வேகத்தில் வாசித்தார் என்று சுருளைக் காட்டி எவரேனும் என்னிடம் சாதித்தால், அந்த இயந்திரத்தின் வேகத்தை எதைக் கொண்டு அமைத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். வேகத்தைப் பொறுத்தவரை கீறல் விழுந்த தட்டுதான் என் சாட்சி.

விடோர் ஏன் மெதுவாக வாசித்தார் என்ற கேள்விக்கு, வயது என்று ஒரே சொல்லில் பதில் சொல்கிறார்கள். 88 வயது விரல்களுக்கு அதில் பங்கில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அச்சிட்ட எண்ணைத் தாமே குறைத்தவர் அவர். 1870 முதல் அந்த ஒரே கட்டடத்தில் அமர்ந்து, தாம் வாசித்தது கல் வளைவுகளில் மோதித் திரும்பி வருவதை அறுபது ஆண்டுகளுக்கு மேல் கேட்டவர். டொக்காட்டாவின் விட்டுவிட்டு ஒலிக்கும் சுரங்கள் அந்த எதிரொலியில் குழம்பிப் போகாமல் தனித்தனியே விழ வேண்டுமானால் எவ்வளவு இடைவெளி தேவை என்று அவரைவிட யாருக்குத் தெரிந்திருக்கும்?

நண்பருடைய கோப்பை அழித்துவிட்டேன். அந்த டொக்காட்டா தட்டின் இரண்டு பக்கங்களில் பிரிந்து கிடக்கிறது. முதல் பக்கம் முடியும் இடத்துச் சுருதியையும் இரண்டாம் பக்கம் தொடங்கும் இடத்துச் சுருதியையும் ஒப்பிட்டால் வெட்டும் இயந்திரம் எவ்வளவு தளர்ந்தது என்று தெரிந்துவிடும். மூலத் தட்டு வைத்திருப்பவர்கள் இங்கே யாரேனும் இருந்தால், இரண்டு பக்கங்களையும் எந்தத் திருத்தமும் செய்யாமல், ஒட்டாமல், தனித்தனியாகப் பதிந்து அனுப்புங்கள்.