சும்மா கிடைத்த பட்டமா?

சீனாவின் டிங் லிரெனை வீழ்த்தி நம்ம குகேஷ் வென்ற உலக செஸ் பட்டத்தைப் பற்றி மதுரை சிம்மக்கல் டீக்கடையில் இன்னும் அதே பேச்சு: "டிங் தப்பு பண்ணலேன்னா குகேஷ் ஜெயிச்சிருக்கவே முடியாதுப்பா." கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் கடைசி ஆட்டம், கறுப்புக் காய்கள், ஒரே ஒரு சிப்பாய் கூடுதல், எல்லோரும் டிரா என்று முடிவு கட்டிய பிறகும் விடாமல் நெருக்கிக்கொண்டே இருந்தானே அந்த 18 வயதுப் பையன், அது கணக்கில் வராதா? நேரம் கரைந்து கொண்டிருந்த நிலையில்தான் டிங் 55வது நகர்த்தலில் யானையை மாற்றிக்கொள்ள நீட்டினார், மூலையில் நின்ற மந்திரியும் (பிஷப்) சேர்ந்து மாறிப் போய்விட்டது, அந்தக் கூடுதல் சிப்பாயே குகேஷை ஜெயிக்க வைத்தது. போனில் செஸ் எஞ்சின் (யார் முன்னிலை என்று கணக்கிடும் கணினி நிரல்) காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டே "இதுகூடத் தெரியலையா" என்கிறார் ஒருவர். சரி, போனை உள்ளே வைத்துவிட்டு அதே நிலையைப் பலகையில் அடுக்கி ஆடிப் பாருங்கள் அண்ணே.