பின்னர் என்றொரு ஊர்

லண்டனின் வடமேற்கு ஓரத்தில் ‘பின்னர்’ என்று ஓர் ஊர் இருக்கிறது. தமிழில் எழுதினால் அப்படித்தான் எழுத வேண்டும், வேறு வழியில்லை. அந்தப் பக்கம் வீடு தேடி அலைந்த நாள்களில் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா, “தம்பி, எங்கே வீடு பார்க்கிறாய்?” என்று தொலைபேசியில் கேட்டார். “பின்னர்” என்றேன். “பின்னர் என்ன பின்னர், இப்போதே சொல்” என்றார். ஊர்ப் பெயரே அதுதான் என்று விளக்கி முடிப்பதற்குள் தொலைபேசி அட்டையில் காசு தீர்ந்துவிட்டது.

கடைசியில் அங்கே வாங்கவில்லை. வீட்டுத் தரகர் நாலு வாக்கியத்தில் மூன்று முறை ‘வில்லேஜ்’ என்றார். அந்தச் சொல்லை உச்சரித்த ஒவ்வொரு முறையும் விலை கொஞ்சம் ஏறியதுபோல எனக்குத் தோன்றியது. ஒன்றரை மைல் தள்ளி, ரேனர்ஸ் லேனில் குடியேறினோம். இங்கே தமிழ்க் கடை உண்டு, முருங்கைக்காய் கிடைக்கும், பக்கத்து வீட்டில் குஜராத்திக் குடும்பம். ஆனாலும் எச்12 பஸ்ஸில் ஏறிப் பின்னருக்குப் போகாத வாரம் குறைவு. இத்தனை வருடப் பழக்கத்தில் அந்த ஊரைப் பற்றி எனக்கும் ஓர் அபிப்பிராயம் சேர்ந்துவிட்டது. மே மாதம் நெருங்கும்போது அங்கே எழும் ஒரு முணுமுணுப்பு அதைச் சொல்லத் தூண்டுகிறது.

முணுமுணுப்புக்குக் காரணம் பின்னர் ஃபேர் என்னும் சந்தை. மைதானத்தில் வேலி போட்டு, வாசலில் டிக்கெட் கிழித்து உள்ளே விடும் பொருட்காட்சி மாதிரி இல்லை இது. ஊரின் நடுத்தெருவிலேயே, கடைவாசல்களை உரசிக்கொண்டு ராட்டினங்கள் வந்து இறங்கிவிடும். வசந்தகால வங்கி விடுமுறையான திங்கட்கிழமை கழிந்து வரும் புதன்கிழமை, ஒரே ஒரு நாள். முந்தின நாள் மாலை தெருக்களை மூடுவார்கள், லாரிகள் வரிசையாக வந்து நிற்கும், இரும்புத் தூண்கள் எழும்பும். புதன் முழுவதும் மோதும் கார்கள், சுழலும் நாற்காலிகள், பஞ்சுமிட்டாய், வதக்கிய வெங்காயத்தின் வாசனை. இரவு விளக்கணைந்ததும் கழற்றத் தொடங்குவார்கள். வியாழன் காலை ரயிலுக்குப் போகிறவர்கள் பார்க்கும்போது தெருவில் நாலு எண்ணெய்க் கறைகள்தான் மிஞ்சியிருக்கும்.

வண்டி நிறுத்த இடமில்லை, பஸ் சுற்றிப் போகிறது, கடைக்காரர்களுக்கு ஒரு நாள் வியாபாரம் போகிறது, இரைச்சல், வெளியூர்ப் பையன்கள் கூட்டமாக வருகிறார்கள்: இவைதாம் புகார்கள். “நம் கிராமத்தின் இயல்புக்கு இது ஒத்துவரவில்லை” என்று போன வருடம் முடிதிருத்தும் கடையில் பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் சொன்னார். என் காதோரம் கத்தி இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன்.

ஐயா, அந்த ஒரு நாளைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பது விலையுயர்ந்த ரயில் நிலையம் ஒன்றுதான்.

1336இல் மூன்றாம் எட்வர்ட் மன்னர் கொடுத்த பட்டயம் இந்தச் சந்தைக்கு ஆதாரம். அப்போது பின்னர் அடங்கிய ஹாரோ வட்டாரம் முழுவதும் கேன்டர்பரி பேராயரின் நிலம். வாரம்தோறும் புதன்கிழமைச் சந்தையும், ஆண்டுக்கு இரண்டு பெருஞ்சந்தைகளும் நடத்திக்கொள்ள அவருக்கு அனுமதி கிடைத்தது. ஊரின் கிறிஸ்தவக் கோவில் புனித ஸ்நானக யோவானுடையது என்பதால் பெருஞ்சந்தைகள் அவருடைய இரண்டு நாள்களில்: ஒன்று அவர் பிறந்த நாள், மற்றது அவர் தலை வெட்டப்பட்ட நாள். வாரச் சந்தை எப்போதோ மறைந்தது. பேராயர்கள் நிலத்தை விட்டுப் போனார்கள். அந்த ஊர் இருந்த மிடில்செக்ஸ் மாவட்டமே 1965இல் லண்டனுக்குள் கரைந்தது. (இன்றும் கடித உறையில் ‘மிடில்செக்ஸ்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். இல்லாத மாவட்டத்துக்குக் கடிதம் போய்ச் சேரவும் செய்கிறது!) சந்தை மட்டும் வருடத்துக்கு ஒரு புதனாகச் சுருங்கி, ஆனால் விடாப்பிடியாக நிற்கிறது.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பட்டயம் பேராயருக்குத்தான், சரி. ஆனால் ஊர்க்காரர்கள் தங்களுக்குள்ளேயே விற்று வாங்கினால் அதற்குப் பெயர் சந்தையா? வெளியூரான் சரக்கோடு வந்தால்தான் சந்தை. ஏறக்குறைய 700 வருடங்களாக அந்தத் தெரு நினைவு வைத்திருக்கும் வழக்கம், அன்னியர்கள் வந்து கடை போடுவது. ‘வெளியூர்க் கூட்டம்’ என்று இன்று முகம் சுளிப்பவர்கள் எந்தப் பழமையைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள் என்பதுதான் விளங்கவில்லை.

பழமை அங்கே இல்லாமல் இல்லை. ஹை ஸ்ட்ரீட் மெல்ல மேடேறிக் கோவில் வாசலில் முடிகிறது. 1321இல் அபிஷேகம் செய்யப்பட்ட கோவில், அதாவது சந்தையைவிடப் பதினைந்து வயது மூத்தது. ஏறும் வழியில் இருபுறமும் வெள்ளைச் சுவரும் கறுப்பு மரச்சட்டமுமான வீடுகள். சில நிஜமாகவே நானூறு, ஐந்நூறு வருடத்தவை, அந்தச் சட்டங்கள்தாம் கூரையைத் தாங்குகின்றன. சில பிற்காலத்தில் பழையதுபோலச் செய்தவை, சட்டத்தைப் பிடுங்கினாலும் வீடு விழாது. எது எது என்று கண்டுபிடிப்பது என் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. ஒரு குறிப்பு: மரம் நேராக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கோவில் முற்றத்தில் ஒரு விசித்திரமான கல்லறை இருக்கிறது. உயரமான முக்கோணக் கோபுரம் ஒன்று, அதன் நடுவயிற்றைத் துளைத்துக்கொண்டு ஒரு கல் சவப்பெட்டி இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கிறது. தோட்டக்கலை நிபுணர் ஜான் கிளாடியஸ் லவுடன் தம் பெற்றோருக்குக் கட்டியது. உடல்கள் நிலத்துக்கு மேலே இருக்கும்வரைதான் குடும்பத்துக்குச் சொத்து என்று ஏதோ ஓர் உயில் இருந்ததாம், அதனால் மகன் இப்படித் தந்திரம் செய்தாராம் என்று ஊரில் கதை. உண்மையில் இருவரும் ஒழுங்காக மண்ணுக்குள்தான் இருக்கிறார்கள். ‘என் வேளைக்குக் காத்திருக்கிறேன்’ என்ற பொருளில் அதில் ஒரு வாசகம் உண்டு. பின்னர் என்னும் ஊரில் வைக்க அதைவிடப் பொருத்தமான வாசகம் கிடைக்காது என்று நான் சொன்னால் இங்கே யாருக்கும் சிரிப்பு வருவதில்லை.

இந்த லவுடன் குடும்பமும் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. அந்த ஊர் தன்னுடையவர்கள் என்று பெருமைப்படும் பெயர்களை எடுத்துப் பாருங்கள், பாதிப் பேர் வந்தேறிகள். கடற்படைத் தளபதி நெல்சனின் மகள் ஹொரேஷியா முதுமையில் வந்து தங்கி, 1881இல் இங்கேயே இறந்தார். நெல்சன் தன் தந்தை என்பதை ஒப்புக்கொண்டவர், நெல்சனின் காதலி எம்மா ஹாமில்டன் தன் தாய் என்பதை மட்டும் கடைசிவரை ஒப்பவில்லை. பக்கத்து ஹாட்ச் எண்டில் 1856இல் புதுமணப்பெண்ணாகக் குடிவந்த இசபெல்லா பீட்டன்தான் பின்பு ஆங்கிலேயருக்கெல்லாம் சமையலும் வீட்டு நிர்வாகமும் கற்பித்தவர், அவருடைய குறிப்புகளில் கறிக்கும் இடமுண்டு. கயிறும் கப்பியும் ஒட்டுத்துணியுமாக அபத்த இயந்திரங்களை வரைந்த ஹீத் ராபின்சன் 1908இல் வந்து பத்து வருடம் இருந்துவிட்டுக் கிளம்பிவிட்டார். 2016இல் அவருக்கு இங்கே ஒரு சிறிய அருங்காட்சியகம் திறந்தார்கள். போய்ப் பாருங்கள், குழந்தைகளோடு போனால் இன்னும் நல்லது. இங்கேயே பிறந்தவர் என்றால் எல்டன் ஜான், 1947. அவரும் போய்விட்டார்.

ஆனால் பெருங்கூட்டமாக வந்தவர்கள் ரயிலில் வந்தார்கள். மெட்ரோபாலிட்டன் ரயில் 1885இல் பின்னரை எட்டியது. மற்ற ரயில் கம்பெனிகள் தண்டவாளத்துக்குத் தேவைப்படாத நிலத்தை விற்றுவிட வேண்டும் என்று சட்டம், இந்தக் கம்பெனிக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளச் சலுகை. சும்மா இருப்பார்களா? 1915இல் ‘மெட்ரோலேண்ட்’ என்று ஒரு பெயரைப் புனைந்து, ஆண்டுதோறும் வண்ணப் படங்களோடு கையேடு வெளியிட்டார்கள். 1919இல் வீடு கட்டி விற்கத் தனிக் கம்பெனி. பேக்கர் தெருவில் குமாஸ்தா வேலை, மாலையில் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் என்ற கனவை அவர்கள் டிக்கெட்டோடு சேர்த்து விற்றார்கள்.

என் ரேனர்ஸ் லேன் அப்படிப் பிறந்த பிள்ளை. 1906இல் திறந்தபோது இங்கே வயல் நடுவே வெறும் நிறுத்தம்தான். ரயில் மாறக் காத்திருப்பவர்களைக் காற்று வாட்டியதால் ‘நிமோனியா ஜங்ஷன்’ என்று கேலிப் பெயர். 1930இல் ஒரு வருடத்துக்கு 22,000 பயணிகள், 1937இல் 40 லட்சம். இடையில் வந்தவை வரிசை வரிசையாக இரட்டை வீடுகள், நெற்றியில் ஒட்டிய கறுப்புச் சட்டங்களோடு. நிலையத்துக்கு வடக்கே கட்டிய குடியிருப்புக்குக் கம்பெனி வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘ஹாரோ கார்டன் வில்லேஜ்’. ஆக, ‘வில்லேஜ்’ என்று சொல்லி விலையை ஏற்றியதில் எங்கள் தரகர் முன்னோடி இல்லை. அது இந்த மண்ணின் மரபு!

அடுத்து நடந்தது எந்த ஊர் பஸ்ஸிலும் நடப்பது. ஏறும்வரை “கொஞ்சம் நகர்ந்து இடம் விடுங்கள்” என்பவர், ஒரு கால் உள்ளே வைத்ததும் “இனி இடமில்லை” என்று கத்துவார். புதுக் குடித்தனக்காரர்கள் பெட்டியைப் பிரிப்பதற்குள் கிராமம் அழிகிறதே என்ற கவலை வந்துவிட்டது. 1938இல் நகரைச் சுற்றியுள்ள நிலத்தில் கட்டடம் எழாமல் காக்கும் பசுமை வளையச் சட்டம், பிறகு போர், 1947இல் திட்டமிடல் சட்டம்: லண்டன் பரவுவது அப்படியே நின்றது. நான் அதற்கு எதிரி இல்லை. பேராயர்கள் மான் வளர்த்த பின்னர் பார்க் இன்றும் வீடுகளுக்கு நடுவே வயல்வெளியாகக் கிடப்பதைப் பார்த்தால் மனசு ஆறுகிறது. சட்டம் வேண்டும். ஆனால் ‘நான் வந்து சேர்ந்த அன்றோடு இந்த ஊர் முழுமை அடைந்துவிட்டது’ என்ற நினைப்பு இருக்கிறதே, அதைத்தான் என்னால் சகிக்க முடிவதில்லை. நம்மவர்களிடமும் அது தொற்றிவிட்டது. என்னோடு அகதி விண்ணப்பத்துக்கு வரிசையில் நின்ற ஒருவர், இப்போது பின்னரில் வீடு வாங்கிக்கொண்டு, ராட்டினக்காரர்களைப் பற்றிப் பேசும் தொனி இருக்கிறதே!

அந்த ஊர் அவ்வளவு கெட்டியான தரையில் நிற்கவும் இல்லை. ஒரு காலத்தில் சுண்ணக்கல் வெட்டிய சுரங்கங்கள் கீழே கிடக்கின்றன. 2017இல் ஒரு தொடக்கப் பள்ளியின் அடியில் வெற்றிடங்கள் இருப்பது தெரிந்து, பிள்ளைகளை வேறு இடங்களுக்கு மாற்றி, பள்ளத்தை நிரப்பிய பிறகே திரும்ப அழைத்தார்கள்.

சரி, சந்தைக்கு வருகிறேன். அம்மா விசாவில் வந்திருந்த வருடம் அவரையும் கூட்டிக்கொண்டு போனோம். ராட்டினம் எதையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கூடாரத்தின் முன் நின்றுவிட்டார். உள்ளே கம்புகளின் உச்சியில் கிண்ணம் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு தேங்காய். மரப்பந்தால் அடித்து விழுத்தினால் தேங்காய் உங்களுக்கு. தேங்காயைப் பரிசாக வைத்து ஆட்கள் வரிசையில் நிற்பதை அம்மாவால் நம்ப முடியவில்லை. “இதற்கா இவ்வளவு பாடு?” என்றார். என் மகன் மூன்று முறை காசு கட்டி, ஒன்பதாவது பந்தில் ஒன்றை விழுத்தினான். கடைக்காரப் பெண் எடுத்துக் கொடுத்த காயை அம்மா வாங்கி, காதருகே வைத்துக் குலுக்கினார். கண்ணை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். தலையை ஆட்டித் திருப்பிக் கொடுத்தார். “தண்ணீர் வற்றிய காய், வேறு கொடுக்கச் சொல்.” நான் கூச்சத்தில் நெளிந்துகொண்டே மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் ஒரு கணம் அம்மாவைப் பார்த்தார், பிறகு மேசைக்கடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்து, “அவரையே பொறுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்” என்றார். அம்மா ஆறு காயைக் குலுக்கி ஏழாவதை எடுத்தார்.

அந்த இடைவேளையில் பேச்சுக் கொடுத்தேன். இதே இடத்தில் தன் அப்பாவும், அதற்கு முன் தாத்தாவும் கடை போட்டதாகச் சொன்னார் அவர். ராட்டினக் குடும்பங்களுக்குள் இன்ன இடம் இன்னாருடையது என்ற உரிமை வழிவழியாக வருவதுண்டு. மூன்று தலைமுறையாக அந்தத் தெருவில் தனக்கொரு இடம் இருக்கிறது என்று, அங்கே வீடு வைத்திருப்பவர்களில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? முடிதிருத்தும் கடைப் பெரியவரிடம் இதைக் கேட்கத்தான் அன்று வாய் துடித்தது.

பஸ் சுற்றுவழியில் போனதால் வீட்டுக்கு நடந்தே வந்தோம். அம்மா தேங்காயை யாரிடமும் கொடுக்காமல் முந்தானையில் இடுக்கிக்கொண்டு நடந்தார். மறுநாள் காலை, யாழ்ப்பாணத்திலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்த, தேங்காய் துருவும் திருவலையை எடுத்துத் தரையில் போட்டு உட்கார்ந்தார். காயை உடைத்தார். நல்ல வெள்ளைப் பருப்பு. புட்டும் சம்பலும். மகன் தட்டை வழித்துவிட்டு, “அப்பம்மா, அடுத்த வருடமும் போவோமா?” என்று கேட்டான். “பின்னர் பார்ப்போம்” என்றார் அம்மா, சிரிக்காமல்.